எட்டு கோலுக்குப் பிறகு

அன்புள்ள அண்ணா,

கம்போடியாவை இலங்கை உதைபந்தாட்ட அணி பெனால்டியில் வென்றதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் எனக்கு ஒரு கேள்வி. தரவரிசையில் அடியில் கிடக்கும் அணிகளை உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்குள் எதற்காக விடுகிறார்கள்? பூட்டான் கட்டாரிடம் 15-0. நாங்கள் தென் கொரியாவிடம் 8-0. அமெரிக்க சமோவா அவுஸ்திரேலியாவிடம் 31-0. ஆடுகிற பெடியளுக்கும் அவமானம், பார்க்கிற எங்களுக்கும் வேதனை. முதல் சுற்றில் இன்னும் கடுமையாக வடிகட்டவேண்டும் என்பது என் எண்ணம்.

இதைக் கேட்க வேறொரு காரணமும் இருக்கிறது. எங்கள் கழகம் 16 வயதுக்குட்பட்டோருக்கான சுற்றுப்போட்டி ஒன்று நடத்தப்போகிறது. 12 அணிகள். சின்ன ஊர் அணிகளை முதல் நாளே, தோற்றால் வெளியே என்ற விலகல் முறையில் கழித்துவிட்டால் மிச்ச நாட்களில் தரமான ஆட்டம் பார்க்கலாம் என்று நிர்வாகத்தில் பலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

– வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

அந்த 8-0 எனக்கும் மறக்காது. 2019 ஒக்டோபர். கிம் சின்-வூக் தனியொருவராக நாலு கோல் அடித்தார். எங்கள் பின்கள வீரர்கள் அவருடைய தோளுக்குக்கூட எட்டவில்லை. ஆனால் எட்டு கோலோடு நீங்கள் கணக்கை மூடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள்.

ஐந்து நாள் கழித்து கொழும்பில் லெபனானிடம் 3-0 என்று தோற்றோம். 2021 யூனில் அதே லெபனானோடு கொரியாவில் மறுபடி ஆடினோம். முதல் கோல் எங்களுடையது. ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக் அடித்தது. இரண்டாவது கோலும் அவருடையதுதான். முடிவு 3-2. நாலு நாளில் கொரியாவோடு இரண்டாவது ஆட்டம், 5-0. ஆறு ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, உண்மைதான். ஆனால் மூன்று கோலால் தோற்ற அணியிடம் ஒரு கோலாலும், எட்டால் தோற்ற அணியிடம் ஐந்தாலும் தோற்றிருக்கிறோம். ஒரே எதிரணியை இரண்டாம் தரம் சந்திக்கக் கிடைத்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

அந்த ஆறு ஆட்டமும் எங்களுக்குக் கிடைத்தது எப்படி என்று நினைவிருக்கிறதா? ஒரே எதிரணியோடு இரண்டே ஆட்டம் உள்ள முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் மக்காவுவிடம் 1-0 என்று தோற்றிருந்தோம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாதுகாப்பில்லை என்று மக்காவு கொழும்புக்கு வர மறுத்தது. பீபா எங்களுக்கு 3-0 வெற்றி கொடுத்தது. அவர்கள் வந்து ஒரு சமநிலை எடுத்திருந்தால் எங்கள் உலகக் கிண்ணம் 180 நிமிடத்தில் முடிந்திருக்கும். லெபனானும் இல்லை, ராசிக்கின் இரண்டு கோலும் இல்லை.

2015 இல் அப்படித்தான் முடிந்தது. பீபா தரவரிசையில் 209 ஆவது, அதாவது கடைசி இடத்தில் இருந்த பூட்டான், தன் முதலாவது உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்துக்குக் கொழும்பு வந்து 1-0 என்று வென்றது. திம்புவில் 2-1. நாங்கள் வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த உலகக் கிண்ணம் வரை நாலு வருடம் காத்திருக்கிற அணி எங்கே போய் ஆட்டம் பழகும்? சிநேகபூர்வ ஆட்டத்துக்குக் காசு வேண்டும், எங்களோடு ஆட யாராவது சம்மதிக்கவும் வேண்டும்.

இது எனக்கு உலகக் கிண்ணத்தைப் பார்த்து விளங்கிய விஷயமில்லை. தொண்ணூறுகளில் போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை பூட்டியிருந்த காலத்தில் நாங்கள் சுற்றிச் சுற்றி அதே ஐந்தாறு ஊர் அணிகளோடுதான் ஆடினோம். பந்தின் பிளாடர் பொத்தால் சைக்கிள் கடையில் சொலூஷன் போட்டு ஒட்டுவோம். எதிரணியில் யார் இடது காலால் அடிப்பான், யார் இடைவேளைக்குப் பிறகு களைப்பான் என்பதெல்லாம் மனப்பாடம். அதனால் நாங்கள் வலுவான அணி என்றுதான் நினைத்திருந்தோம்.

2002 இல் ஏ-9 திறந்த பிறகு மன்னாரிலிருந்து ஒரு அணி வந்தது. 6-0. நான் வலது பின்களம். அவர்களுடைய வேகமோ உதையோ எனக்கு இப்போது ஞாபகமில்லை, சத்தம்தான் ஞாபகம். அவர்கள் கோல் காப்பாளர் 90 நிமிடமும் கத்திக்கொண்டிருந்தார்: ‘பின்னால ஆள்’, ‘விடு’, ‘திரும்பு’. பந்து தன் காலுக்கு வருமுன்னமே அவர்களுடைய ஆளுக்கு முதுகுப்பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. எங்கள் பின்களத்தில் நாலு பேரும் வாய் திறக்காமல் ஆடுகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாள் பயிற்சியில் நாங்களும் கத்தத் தொடங்கினோம். தொண்டை கட்டிப்போய் வீட்டில் பேச்சு வாங்கியதும் உண்டு. அந்த ஆறு கோலை வாங்கியிருக்காவிட்டால் நான் ஊமையாகவே ஆடி முடித்திருப்பேன்.

31-0 விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். 2001 இல் அமெரிக்க சமோவா கடவுச்சீட்டுச் சிக்கலில் தன் வழக்கமான வீரர்களை இழந்து, பெரும்பாலும் இளம் பெடியளோடு போய் நின்றது. ஆர்ச்சி தொம்சன் 13 கோல் அடித்தார். அவருக்கே அதில் என்ன கிடைத்திருக்கும்? அப்படியான ஆட்டங்களைத் தவிர்க்க முதல் சுற்று வேண்டும். ஆனால் அது எப்படிப்பட்ட சுற்று என்பதில்தான் நாங்கள் வேறுபடுகிறோம். 2011 இல் ஓசியானியாவில் சமோவா, தொங்கா, குக் தீவுகள், அமெரிக்க சமோவா நாலையும் ஒரு சிறு லீக்காகப் போட்டார்கள். ஆளுக்கு மூன்று ஆட்டம். தொங்காவை 2-1 என்று வென்று அமெரிக்க சமோவா உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் தன் முதல் வெற்றியை எடுத்தது. கோல் காப்பாளர் நிக்கி சலாபு, அந்த 31 கோலையும் வாங்கியவர். குக் தீவுகளோடு சமநிலை. கடைசி ஆட்டத்தில் சமோவாவிடம் ஒரு கோலால் தோற்று வெளியேறினார்கள். மேலே போனது ஒரு அணிதான், ஆனால் நாலு அணியும் தங்களுக்குச் சமமானவர்களோடு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் ஊர் திரும்பின.

ஆசியாவிலும் இப்போது கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. 2023 இல் யேமனிடம் சவூதியில் 3-0 தோற்று, கொழும்பில் 1-1 எடுத்து நாங்கள் மறுபடியும் முதல் சுற்றில் வெளியேறினோம். ஆனால் இம்முறை ஆசியக் கிண்ணத் தகுதிகாண் வழியாக இன்னொரு வாசல் இருந்தது. கம்போடியா ஆட்டம் அதில்தான் வந்தது. அங்கே 0-0, இங்கே 2-2, அப்புறம் பெனால்டி. அதன் பலனாகத் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தைபே (தாய்வான்) இருந்த குழுவில் ஆறு ஆட்டம் கிடைத்தது. 2025 யூனில் சீன தைபேயைக் கொழும்பில் 3-1 என்று வென்றோம். அதே 2023 முதல் சுற்றில் புரூணையோடு தொடங்கிய இந்தோனேசியா நாலாவது சுற்றுவரை போனது. நெதர்லாந்தில் பிறந்த வீரர்களின் பலத்தால் என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். ஆனால் வருடம் முழுக்க ஆட்டம் இருக்கிற அணிக்குத்தான் அப்படியான வீரர் வந்து சேருவார்.

சரி, உங்கள் சுற்றுப்போட்டி. 12 அணியை நாலு நாலாக மூன்று குழு பிரியுங்கள். ஒரு குழுவில் ஆறு ஆட்டம், மொத்தம் 18. பாதிக்கு 20 நிமிடம் வையுங்கள். இரண்டு சனி ஞாயிறில் முடியும். மூன்று குழுவிலும் முதலாவதாக வருபவர்களோடு, இரண்டாவதாக வந்த மூவரில் நல்லவரைச் சேர்த்தால் அரையிறுதி. அதற்குப் பிறகு விலகல் முறை. மத்தியஸ்தர் செலவு கூடும் என்று நிர்வாகம் சொல்லும். குழு ஆட்டங்களுக்கு நான் சம்பளமில்லாமல் விசில் பிடிக்கிறேன். தூர ஊர் அணிகளுக்கு முதல் ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்குப் போடாதீர்கள், முதல் பஸ் பிடித்து வந்து சேரவே அவர்களுக்கு ஒன்பது ஆகிவிடும்.