எல்லை தாண்டும் படகுக்கு எந்தக் கத்தி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதம் நண்பர்களோடு ஒன்டாரியோவின் கனனோக்வே என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போய், வாடகைக்கு மோட்டார் படகு எடுத்து, ஆயிரம் தீவுகளைச் சுற்றிவிட்டு, அமெரிக்கப் பக்கத்து ஹார்ட் தீவில் இருக்கும் போல்ட் கோட்டையையும் பார்த்துத் திரும்புவது உங்கள் திட்டம். படகில் ஒரு நல்ல கத்தி இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணிக்கட்டை ஒரு உதறு உதறினால் பட்டென்று விரியும் மடக்குக்கத்தி ஒன்றை உங்கள் நண்பர் காட்டி, அலெக்சாண்ட்ரியா பே என்ற அமெரிக்கக் கரை ஊரில் இறங்கும்போது மலிவாக வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டாம். அந்தக் கத்தியைக் கையில் வைத்திருப்பது நியூயோர்க் மாநிலத்தில் 2019க்குப் பிறகு பொதுவாகக் குற்றம் இல்லை. அதே கத்தியோடு எல்லையாக ஓடும் செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் கனடாக் கரைக்கு வந்து இறங்கினீர்களானால், அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 84ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கைப்பிடியில் உள்ள பொத்தானையோ சுருள்வில்லையோ அழுத்தினால் தானாக விரியும் கத்தி, கீழ்நோக்கிப் பிடித்தால் தன் எடையாலேயே விரியும் கத்தி, உதறும் விசையில் விரியும் கத்தி என்று மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள். அலகு எத்தனை அங்குலம் என்று அந்த வரி கேட்பதே இல்லை. இரண்டு அங்குலக் கத்தியும் உதறி விரிந்தால் மாட்டிக்கொள்ளும். ஓர் அடி நீளமுள்ள சமையல் கத்தி பேசாமல் போய்விடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்; பெரிய கத்திதான் ஆபத்து என்று நினைத்துப் பழகியிருக்கிறோம்.

சோதனை எப்படி நடக்கும் என்பதை ஒரு முறை தரைவழி எல்லையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னால் நின்ற இளைஞனின் தூண்டில் பெட்டியிலிருந்து மடக்குக்கத்தி ஒன்று வெளியே வந்தது. அதிகாரி அதன் நீளத்தை அளக்கவில்லை; கூர்மையைத் தொட்டும் பார்க்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டைக் கீழ்நோக்கி ஒரு உதறு உதறினார். முதல் தடவை அலகு பாதிதான் வந்தது. இரண்டாவது தடவை முழுதாக விரிந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அவ்வளவுதான், கத்தி தட்டில் போய்விட்டது. கடையில் வாங்கும்போது இறுக்கமாகத்தான் இருந்தது என்று அந்தப் பையன் சொன்னான். பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. மடக்குக்கத்தியின் சுழலாணி நாள்பட நாள்படத் தளரும். எண்ணெய் விட்டால் இன்னும் வழுக்கும். போன வருடம் உதறினாலும் விரியாத கத்தி இந்த வருடம் விரியலாம். அதனால்தான் எல்லை தாண்டும் பயணத்துக்கு ஒரு கையால் விரிக்கும் எந்த மடக்குக்கத்தியும் வேண்டாம் என்பேன். சட்டத்துக்கு உட்பட்டது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் எனக்கு அது போதாது.

நண்பர் இணையத்தில் வாங்கித் தபாலில் வரவழைக்கலாம் என்று யோசித்தாலும் கதை மாறாது. சுங்கத் தீர்வைப் பட்டியலில் 9898.00.00 என்ற எண்ணின் கீழ் இந்த வகைக் கத்திகளின் இறக்குமதியே தடுக்கப்பட்டிருக்கிறது. பொதி வராது, கடிதம் வரும்.

இனி எதை வாங்குவது? இரண்டு கரையிலும் கேள்வி எழாத கத்தி எதுவோ அதுவேதான் படகுக்கும் உகந்த கத்தி. மடங்காத, உறையில் போட்ட, சாதாரண நேர்க்கத்தி. படகில் கத்தி தேவைப்படும் வேளையை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். நங்கூரக் கயிறு தளர்ந்து மிதந்து புரொப்பெல்லரில் சுற்றிவிடுகிறது. இயந்திரம் முக்கி நிற்கிறது. ஆற்று நீரோட்டம் படகைப் பாறைத் திட்டுப் பக்கம் தள்ளுகிறது. உங்கள் ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருக்கும். மற்றக் கை நனைந்து விறைத்திருக்கும். அந்த நேரத்தில் நகத்தால் கிள்ளி அலகை இழுக்க முடியாது. உறையிலிருந்து உருவினால் வேலைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சுற்றிக்கொண்ட கயிற்றை வெட்டுவதும் நீங்கள் நினைப்பது போல இருக்காது. நைலோன், பொலிபுரொப்பிலீன் கயிறுகள் புரொப்பெல்லரின் தண்டைச் சுற்றி இறுகும்போது உராய்வுச் சூட்டில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். மழமழப்பான அலகை நனைந்த கயிற்றில் வைத்து அழுத்தினால் வழுக்கும். வழுக்கியது போய் நிற்கும் இடம் பெரும்பாலும் உங்கள் மற்றக் கைதான். அதனால் அலகில் பாதியாவது அரம்பம்போல் பல்வெட்டு இருப்பது நல்லது. முன்னும் பின்னும் அறுத்தால் இழை இழையாக விட்டுவிடும். அறுக்கும் முன் இயந்திரத்தை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றுச் சாவியை (ஓட்டுபவர் உடம்போடு மாட்டுவது, கழன்றால் இயந்திரம் நின்றுவிடும்) கழற்றி உங்கள் சட்டைப்பைக்குள் போடுங்கள். யாரோ ஒருவர் உதவி செய்கிறேன் என்று சாவியைத் திருப்புகிற ஆபத்து உண்டு. எங்கள் ஆட்களிடம் உதவும் மனம் கொஞ்சம் அதிகம்.

முனை மழுங்கலாக இருக்கட்டும். துடுப்புப் படகுக்காரர்களும் ஆற்று மீட்புப் பணியாளர்களும் மார்பில் செருகியிருக்கும் கத்திகளைப் பார்த்தால் நுனி சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். ஆடுகிற படகில், உயிர்காப்பு அங்கி போட்ட ஒருவரின் உடம்போடு ஒட்டிய கயிற்றை வெட்டும்போது கூர்முனை எதிரி. காற்றடைத்த ரப்பர் படகு என்றால் சொல்லவே வேண்டாம். எல்லையிலும் மழுங்கல் முனைக்குத் தனிப் பயன் உண்டு. அதைப் பார்க்கிற எவருக்கும் அது கருவி என்று உடனே தெரிந்துவிடும்.

இதற்கென்று நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. சுவீடனில் மோரா என்ற ஊரில் செய்யப்படும் மோராநைவ் கத்திகளில் கம்பேனியன் என்ற வகை, பத்துச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய அலகு, பிளாஸ்டிக் உறை, நனைந்தாலும் வழுக்காத பிடி. விலை கையைக் கடிக்காது. முனை கூராக இருக்கும் என்பதுதான் குறை. துருப்பிடிக்காத எஃகில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். கார்பன் எஃகிலும் அதே உருவத்தில் வருகிறது. செயின்ட் லோரன்ஸ் அந்தப் பகுதியில் நன்னீர்தான், கடலைப் போலக் கறள் தின்னாது. ஆனால் ஈர உறைக்குள் ஒரு வாரம் கிடந்தால் கார்பன் எஃகு புள்ளி புள்ளியாகச் சிவந்துவிடும். பிரான்சின் ஒபினெல் எனக்கு மிகவும் பிடித்த கத்தி. கரையில் பாண் வெட்டவும் தக்காளி நறுக்கவும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் மரப்பிடி தண்ணீரில் ஊறிப் பருத்து அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அது சாப்பாட்டுப் பெட்டிக்கு. விக்டோரினொக்ஸ் சுவிஸ் கத்தியையும் அந்தப் பெட்டியிலேயே போடலாம். நகம் வைத்து, இரண்டு கையால் விரிக்கிற அந்தப் பழைய வகையை எந்த அதிகாரியும் உதறிப் பார்த்து நான் கண்டதில்லை.

கத்தியைப் படகின் அடித்தட்டுப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் வாங்காமல் விடுவதும் ஒன்றுதான். படகோட்டுபவரின் உயிர்காப்பு அங்கியில், எந்தக் கையாலும் எட்டக்கூடிய இடத்தில், உறையோடு வெளியே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். வெளியே தெரிவது முக்கியம். சட்டைக்குள் மறைத்து வைத்தால் அது வேறு சட்டப்பிரிவின் கதை.

அதிகாரி 'இது எதற்கு?' என்று கேட்டால், கயிறு வெட்ட என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் குழுவில் வீரம் பேசுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'தற்பாதுகாப்புக்கு' என்ற சொல் வாயிலிருந்து வந்த நிமிடத்தில், வெறும் கருவியாக இருந்தது கனடாவின் சட்டத்தில் ஆயுதமாகிவிடக்கூடும். நிரந்தர வதிவிட அட்டையோடு குடியுரிமைக்குக் காத்திருக்கிறவருக்கு ஒரு கத்திக்காக வழக்கு எதற்கு? பறிமுதல் மட்டும் நடந்து வழக்கில்லாமல் போனாலும், எல்லையை விரைவாகக் கடக்க உதவும் நெக்ஸஸ் அட்டை வைத்திருப்பவர் அதை இழக்கலாம்.

கத்தியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், சாப்பாட்டுப் பெட்டியில் என்ன வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள்; எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கி வரும் என்பது காரணம். குழம்பில் வெந்த இலையைச் சொல்லவில்லை, கொத்தாகக் கொண்டுபோவதைச் சொல்கிறேன். மாம்பழத்தையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இருப்பதை எல்லாம் கேட்கும்போது சொல்லிவிட வேண்டும். தேங்காய் உடைக்கிற பெரிய கத்தியை யாராவது கொண்டுவந்தால் காரிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தீவில் விறகு வெட்டுகிற வேலை உங்களுக்கு இல்லை.

பயண ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். வாடகைப் படகை அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோகலாமா என்று முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். சிலர் ஒப்பந்தத்திலேயே தடுத்திருப்பார்கள். ஹார்ட் தீவில் கால் வைக்கக் கடவுச்சீட்டு வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்க விசாவும் வேண்டும், நிரந்தர வதிவிட அட்டை போதாது. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் யாராவது குழுவில் இருந்தால் கரையிலேயே இருக்கட்டும். அந்தக் கோட்டை 1904இல் ஜோர்ஜ் போல்ட்டின் மனைவி இறந்ததும் பாதியில் நிறுத்தப்பட்ட கட்டடம். அதைப் பார்ப்பதற்காக ஒருவரின் விண்ணப்பத்தைச் சிக்கலாக்க வேண்டாம்.

திரும்பும்போது, படகுகளுக்கென்று குறிக்கப்பட்ட இறங்குதுறையில் கட்டி, 1-888-226-7277 என்ற கனடா எல்லைச் சேவையின் எண்ணுக்குப் படகின் பொறுப்பாளர் அழைக்க வேண்டும். அழைப்பு முடியும்வரை மற்றவர்கள் படகை விட்டு இறங்கக் கூடாது. அவர்கள் தருகிற அறிக்கை எண்ணை எழுதி வையுங்கள். சில வேளைகளில் அதிகாரிகள் நேரில் வந்து படகைப் பார்ப்பார்கள்.

அமெரிக்கக் கடைகளில் சாவிக்கொத்தில் தொங்கவிட்டு விற்கிற மிளகுத் தெளிப்பானையும் கையில் எடுக்காதீர்கள். மனிதர்மேல் அடிப்பதற்கென்று செய்த அந்தத் தெளிப்பானும் இங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம்தான். கரடிக்கென்று பெயர் ஒட்டி விற்பது வேறு, அது இங்கேயே கிடைக்கும். அந்தத் தீவுகளுக்கு அதுவும் தேவைப்படாது.

ஸ்காபரோவுக்குத் திரும்பும் வழியில் கோப்பி குடிக்க இறங்குவீர்கள். அதற்கு முன் உயிர்காப்பு அங்கியிலிருந்து கத்தியைக் கழற்றித் துடைத்து, தூண்டில் பெட்டிக்குள் போட்டுக் காரின் பின்பெட்டியில் வைத்துவிடுங்கள்.