கேளுங்க அண்ணாச்சி: தூண்டில்காரருக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

போன இதழில் கூலிங் கிளாஸ் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடற்கரை ஊர்க்காரர்களும் குளத்தங்கரைக்காரர்களும் கடிதமாக அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை முழுக்க அதுவே.

அண்ணாச்சி, கன்னியாகுமரி போயிருந்தப்ப கடற்கரையில 200 ரூபாய்க்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். 'போலரைஸ்டு'ன்னு ஸ்டிக்கர் இருக்கு. வள்ளத்துல போட்டுப் பாத்தா எல்லாம் இருட்டாத் தெரியுதே தவிர தண்ணிக்குள்ள ஒண்ணும் தெரியல. ஏமாந்துட்டேனா? (உவரி வாசகர்)

அநேகமாக ஆமாம். ஸ்டிக்கர் அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே. வெறும் சாயம் போட்ட கண்ணாடி எல்லா வெளிச்சத்தையும் ஒரே அளவில் குறைக்கும், கண்கூச்சமும் குறையும், கூடவே மீனும் மங்கிப் போகும். போலரைஸ்டு வேலை செய்கிற விதமே வேறு. தண்ணீர் மேல் பட்டுத் தெறித்து வருகிற வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்ந்துகொண்டு வரும். லென்சுக்குள் இருக்கிற மெல்லிய படலம் அந்தக் கிடைமட்ட அதிர்வைப் பிடித்து நிறுத்திவிட்டு, செங்குத்தாக அதிர்வதை மட்டும் விடும். தண்ணீருக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்தில் செங்குத்து அதிர்வும் நிறைய இருப்பதால் அது தப்பித்து உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. மேலே மினுக்கு போய்விடும், உள்ளே பாறையும் பாசியும் தெரியும்.

1808-ல் மாலுஸ் என்கிற பிரெஞ்சுக்காரர் எதிர் மாளிகை ஜன்னலில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைச் சுற்றச் சுற்ற அந்த மினுக்கு கூடுவதும் குறைவதுமாக இருந்ததைப் பார்த்துத்தான் இந்த விஷயமே பிடிபட்டது. அவர் செய்த அதே காரியத்தை நீங்கள் கடையில் செய்யுங்கள், படிகத்துக்குப் பதில் கூலிங் கிளாஸ், ஜன்னலுக்குப் பதில் கடைக்காரருடைய கால்குலேட்டர். அதில் ஏதாவது ஓர் எண்ணைத் தட்டிவிட்டு, கண்ணாடியைக் கையில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தபடியே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் எண்ணும் அதன் பின்புறமும் சேர்ந்து அப்படியே கறுத்துப்போகும், இன்னும் கொஞ்சம் சுற்றினால் பழையபடி வந்துவிடும். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரி தெரிந்தால் அது வெறும் சாயம், திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். செல்போனை வைத்துச் சோதிக்க வேண்டாம், சில போன் திரைகள் கறுக்கவே கறுக்காது.

இன்னொன்றும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு லென்சும் ஒரே கோணத்தில் கறுக்க வேண்டும். இடது லென்ஸ் ஒரு கோணத்திலும் வலது லென்ஸ் வேறு கோணத்திலும் கறுத்தால் படலத்தைக் கோணலாக வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போலரைஸ்டு என்பது பொய்யில்லை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் கடலைப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

எங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் மூக்குப் பக்கத்துல இருந்து சதை வளருது. வெயில்தான் காரணம், கண்ணாடி போடணும்னு டாக்டர் சொல்றாரு. 'சினிமாக்காரன் மாதிரி நான் கடலுக்குப் போகவா'ன்னு அப்பா சிரிக்கிறாரு. போலரைஸ்டு வாங்கிக் கொடுத்தா சரியாகிருமா? (கூத்தங்குழி வாசகர்)

வளர்ந்த சதை கண்ணாடி போட்டுச் சுருங்காது, அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். மேலும் வளராமல் தடுக்கக் கண்ணாடி உதவும், அதனால் அப்பா சிரித்தாலும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். போலரைஸ்டு என்பது கூச்சத்துக்கு. சதை வளர்வதற்கும் கண்புரைக்கும் காரணமாகச் சொல்லப்படுகிற புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு சமாச்சாரம். ஒரு கண்ணாடியில் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். 'யுவி 400' என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அதாவது 400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கால்குலேட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. பல கண்ணாடிக் கடைகளில் இதற்கென்று ஒரு சின்ன மீட்டர் வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேட்டு அளந்து பாருங்கள். பாலிகார்பனேட் லென்ஸ் என்றால் கவலை குறைவு, அந்தப் பிளாஸ்டிக்கே இயல்பாகப் பெரும்பகுதி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்.

இந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசமாகவும் ஆகலாம். இருட்டாக இருப்பதால் கண்மணி விரிந்து கொடுக்கும், அந்த வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகலாம். அதனால் 'நல்லா கறுப்பாக் கொடுங்க' என்று கேட்கிற பழக்கத்தை விடுங்கள். அப்புறம், கடலில் வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, அலை நுரையும் மணலும் கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் திருப்பி அடிக்கும். பொட்டு மாதிரி சின்ன லென்ஸ் அழகாக இருக்கும், பிரயோஜனம் இல்லை. கன்னத்தோடு வளைந்து பக்கவாட்டையும் மூடுகிற பிரேமாகப் பாருங்கள். தலையில் ஒரு தொப்பியும் இருந்தால் பாதி வேலை அதுவே செய்துவிடும்.

நான் குளத்துல விரால் பிடிக்கிறவன். கறுப்பு, காப்பி, மஞ்சள், நீலப் பளபளப்புன்னு கடையில ஏகப்பட்ட கலர் இருக்கு. எது நல்லது? (முக்கூடல் வாசகர்)

குளத்துக்கு காப்பிக் கலர். செம்பு நிறம், தேன் நிறம் என்று சொல்வதெல்லாம் இதே குடும்பம்தான். பாசி எது, நிழல் எது, அசைகிற முதுகு எது என்று பிரித்துக் காட்டுவதில் காப்பிக்கு ஈடில்லை, ஆழமில்லாத தண்ணீருக்கு அதுதான் பொருத்தம். சாம்பல் நிறம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு, உச்சி வெயிலில் கண்ணுக்கு இதமாக இருக்கும், நிறங்களையும் மாற்றாமல் காட்டும். மஞ்சள் விடிகாலைக்கும் அந்திக்கும் மட்டும், பதினோரு மணி வெயிலில் அதைப் போட்டால் போடாத மாதிரிதான். நீலப் பளபளப்பு மேல்பூச்சு கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும், மற்றபடி அது பார்க்கிறவர்களுக்கு. கீறல் முதலில் விழுவதும் அதில்தான்.

லென்சின் இருட்டுக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு, பிரேமின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும், நம் ஊர் பகல் வெயிலுக்கு அது போதும். சாயங்காலமும் தூண்டில் போடுகிறவர் 2 வாங்கலாம்.

நிறத்தைவிட முக்கியம் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பது. தெறிக்கிற வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் முழுக்கக் கிடைமட்டமாக அதிரும், தண்ணீருக்கு அது செங்குத்துக்கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி. கணக்கு வேண்டாம் என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கண் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் உள்ளதுதான் ரொம்பத் தெளிவாகத் தெரியும். குளத்தின் கரைமேல் நின்று கண் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 4 மீட்டர் தள்ளி. இறங்கித் தண்ணீர் ஓரத்தில் நின்றால் இரண்டு மீட்டர்தான், அதற்கு அப்பால் போகப் போக மினுக்கு திரும்ப வந்துவிடும். விரால் தேடுகிறவன் கரை உச்சியை விட்டு இறங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் சூரியன் எதிரே தண்ணீரை ஒட்டிக் கிடக்கும்போதும் இதே கதை, எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் அந்த மினுக்கை முழுசாக எடுக்காது. இடத்தை மாற்றிச் சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல்.

ஐப்பசி கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி, குளத்துக்கு வருகிற தண்ணீர் செம்மண்ணாக இருக்கும்போது இதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். மேலே உள்ள மினுக்கை எடுக்கத் தெரிந்த கண்ணாடிக்குச் சேற்றை ஊடுருவத் தெரியாது. தண்ணீர் தெளிந்த பிறகு, அமலைச் செடி (ஆகாயத்தாமரை) ஓரமாகச் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போவது தெரிந்தால், கீழே பெற்ற விரால் காவல் நிற்கிறது. ஈசியாகக் கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன், அங்கே தூண்டிலைப் போடாதீர்கள், காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். மீன்பாசியை, அதாவது குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையை, குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவது தனி விஷயம்.

பவர் கண்ணாடி போடுறவங்க என்ன செய்ய? (அம்பாசமுத்திரம் வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

மூன்று வழி இருக்கிறது சார். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற பெரிய போலரைஸ்டு கிடைக்கிறது, செலவு குறைவு, பக்கமும் மூடும், ஆரம்பிக்க அதுவே நல்லது. கிளிப் மாதிரி மாட்டுவது எனக்குப் பிடிக்காது, இரண்டுக்கும் நடுவே மணலும் தூசியும் புகுந்து உங்கள் பவர் லென்சையே கீறிவிடும். வாராவாரம் போகிறவர் என்றால் உங்கள் பவரிலேயே போலரைஸ்டு லென்ஸ் போடச் சொல்லிவிடுங்கள். வெள்ளெழுத்து இருந்தால் மறக்காமல் அடிப்பகுதியில் கிட்டத்தில் பார்க்கிற பவரும் கேளுங்கள், இல்லாவிட்டால் தூரத்து மீன் தெரியும், கையில் இருக்கிற தூண்டில் முள்ளின் காதில் இழை கோர்க்க முடியாது.

லென்ஸ் எதுவானாலும் பாலிகார்பனேட்டில் கேளுங்கள். அமலையில் மாட்டிய முள்ளை இழுக்கும்போது ஈயக்குண்டு முகத்துக்கு நேராகத் தெறித்து வருவது தூண்டில்காரர்களுக்குப் புதிதில்லை. கண்ணாடி லென்சில் எளிதில் கீறல் விழாது என்பது உண்மைதான், ஆனால் அது கனம், அடிபட்டால் உடையும்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்து வாங்கின போலரைஸ்டு, ஒரு வருஷத்துல லென்ஸ் ஓரம் வெளுத்து, உள்ள குமிழ் குமிழா வந்துட்டு. நடுவுல நிறைய கீறல். கம்பெனி ஏமாத்திட்டானா? (இடிந்தகரை வாசகர்)

கம்பெனி மேல் பாதிப் பழியைப் போடலாம், மீதி உப்புக்கும் உங்கள் துண்டுக்கும். விலை மலிவான லென்சுகளில் பல அடுக்குகளை ஒட்டித்தான் நடுவே படலத்தை வைக்கிறார்கள். சூடு ஏறினால் அந்த ஒட்டு விட்டுப்போகும், ஓரத்தில் வெளுப்பதும் குமிழ் வருவதும் அதுதான். கார் கண்ணாடிக்குக் கீழே, வள்ளத்து எஞ்சின் பெட்டி மேல், வெயிலில் நிற்கிற பைக் டேங்க் மேல் என்று வைத்திருப்பீர்கள். பிரிந்த அடுக்கை ஒட்ட வழியில்லை, லென்சை மாற்றத்தான் வேண்டும்.

கீறல் விழுகிற விதத்தை ஒருநாள் நீங்களே பார்க்கலாம். கடலிலிருந்து வந்ததும் துடைக்காமல், லென்சை வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். தெறித்த ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாக நிற்கும், வட்டத்தின் விளிம்பில் பொடிப்பொடியாக உப்புப் பரல். அதன் மேல் 'ஹா' என்று ஊதி, துண்டின் முனையை வைத்துத் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து லென்ஸ் முழுக்கக் கோலம் போட்டுவிடும்.

ஆகவே முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. குழாயடியில் நன்றாக அலசிவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரே ஒரு சொட்டை விரலில் எடுத்து இரண்டு பக்கமும் மூக்குத்தாங்கியிலும் மெதுவாகத் தடவி, திரும்ப அலசுங்கள். கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு வரும், அதனால் கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிதண்ணீரைச் செலவு செய்யுங்கள். உதறிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியையும் அவ்வப்போது துவைக்க வேண்டும், துணி மணக்கப் போடுகிற திரவம் இல்லாமல். ஷோகேஸ் துடைக்கிற ஸ்பிரே, சானிடைசர், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் எதுவும் லென்ஸ் பக்கம் வரக் கூடாது. கொசு விரட்டும் களிம்பு பூசிய கையோடும் தொடாதீர்கள், சில களிம்புகள் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று யாராவது சொன்னால் அவர் கண்ணாடியில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கீல் திருகில் உப்பு ஏறினால் இறுகிவிடும் அல்லது துருப்பிடித்து விழும். கழுவும்போது கால்களை மடக்கி விரித்து அங்கேயும் தண்ணீர் போகவிடுங்கள். கடலுக்கு உலோகப் பிரேமே வேண்டாம்.

வலை இழுக்கக் குனியும்போது மூணு கண்ணாடி கடலுக்குள்ள போயிருச்சு. (கூட்டப்புளி வாசகர்)

கழுத்துக் கயிறு போடுங்கள். பெரிய செலவில்லை. தலைக்கு மேல் ஏற்றி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள், எண்ணெயும் ஒட்டும், குனிந்தால் கண்ணாடியும் போகும்.

அதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பைக் ஓட்டலாமா? (களக்காடு வாசகர்)

பகலில் ஓட்டலாம், ஈர ரோட்டின் மினுக்கும் குறையும். ஆனால் இருட்டு எண் 4 என்று போட்டிருந்தால் வண்டி ஓட்டவே கூடாது. டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் சிலது இருட்டாகத் தெரியும், மீட்டர் கெட்டுப்போய்விட்டதென்று மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள், கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். வள்ளத்தில் ஜிபிஎஸ்ஸும் மீன் காட்டும் கருவியும் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தால் திரை தெரியும், இல்லையென்றால் கருவியைத் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். பொழுது சாய்ந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், சட்டைப் பையில் அல்ல.