உரிமம் பெற்றவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கிறேன். இருப்பதிலேயே சிறியதை வாங்கச் சொல்கிறார்கள். அது சரியா? தோட்டாவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: மிகச் சிறியதை மறைப்பது எளிது, அதைக் கொண்டு குறிதவறாமல் சுடுவது கடினம். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்குப் பற்ற இடமிருக்காது, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பிடியைச் சரிசெய்ய நேரும். ஆகவே உங்கள் உடைக்குள் மறையக்கூடியவற்றுள் சற்றே பெரியதை, சுடுதளத்தில் சுட்டுப் பார்த்த பின்பே வாங்குங்கள்.

தோட்டாவில் 9 மி.மீ. விட்டமுள்ள வகை பெரும்பாலானோருக்குப் போதுமானது. முழு உலோக உறையிட்ட குண்டு இலக்கைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடும் என்பதால், சட்டம் அனுமதிக்கும் இடங்களில், நுனியில் குழியுள்ள, பாய்ந்ததும் விரியும் ஹாலோ பாயிண்ட் வகையே தற்காப்புக்கு ஏற்றது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கப்படும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவுவது ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்படுகிறது. குழல் மிகவும் குட்டையானால் வேகம் குறைந்து, சில குண்டுகள் விரியாமலே போகும். எடுத்துச் செல்லவிருக்கும் அதே தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் சுட்டு, சிக்காமல் இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது துப்பாக்கியை வைக்கும் உறையைத்தான். சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையை முழுவதுமாக மூடும் விறைப்பான உறை இல்லாமல் பையிலோ இடுப்பிலோ வெறுமனே செருகாதீர்கள். ஒரு சாவியோ துணி மடிப்போ விசையை அழுத்தினால் போதும், வெடித்துவிடும்.