ரேகை விழவில்லை

அன்புள்ள ஐயா,

ஆதாரைக் கட்டாயமாக்கியதைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சிங்கப்பூரில் 18 வருடம் இருந்துவிட்டு தேவகோட்டைக்குத் திரும்பியவன். அங்கே ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத ஆள் கிடையாது. யார் சுதந்திரமும் பறிபோய்விடவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் அட்டையைக் காட்ட ஏன் பயப்பட வேண்டும்? (கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. பேரேட்டில் பெயர் ஏறுவது செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? நகரத்தார் வீட்டில் கல்யாணம் முடிந்தால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி கூடும் (ஒரு தம்பதி ஒரு புள்ளி), கூடவே வரியும் வரும். ஆனால் அந்தப் புள்ளியை எழுதுகிறவருக்கு உங்கள் ஐயாவையும் தெரியும், அப்பத்தாவையும் தெரியும். கட்டைவிரலை வைத்து நிரூபியுங்கள் என்று கேட்கமாட்டார்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா நின்றார். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் ஊற்றி, மேலே சிமெண்டைத் தூவி, இருபது வருடமாக அதிலேயே கிடந்த கை. வலது பெருவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு இடது கை. அதுவும் இல்லை. கடைக்காரர் கோபப்படவில்லை, பாவம். அவருக்கு அந்த அக்காவை நன்றாகத் தெரியும், அடுத்த தெருதான். ஆனால் மெஷினுக்குத் தெரியவில்லையே. கடைசியில் தையல் கடையிலிருந்து மகளைக் கூட்டி வந்து விரல் வைத்த பிறகுதான் அரிசி போட்டார்கள். அந்த அக்கா எதை ஒளித்தார், சொல்லுங்கள்.

ரேகை என்றதும் மதுரைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில், சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாகவே பதிந்த வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். ஆதார் அது இல்லை, தெரியும். ஆனாலும் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்பது வெறும் வம்பு இல்லை.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். சட்டம் கேட்டால், அல்லது ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டியிருந்தால் தவிர, தனியார் நிறுவனங்கள் ஐசி எண்ணை வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் 1 முதல் அங்கேயே விதி. நம் உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், அரசு மானியங்களுக்கும் பான் அட்டைக்கும் ஆதாரைக் கேட்கலாம், வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. தீர்ப்பு டெல்லியோடு சரி. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிக்கு அறை போட காரைக்குடியில் ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தோம். அவர் டிரைவிங் லைசென்ஸை நீட்டினார். மேஜையில் இருந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆதார் இல்லையா சார்?” என்றார்.

அப்புறம், நீங்கள் கேட்டபடியே உங்கள் பெயரைப் போடவில்லை.