பில் ஒரு கணக்கு, ஒப்பந்தம் வேறு கணக்கு

கேள்வி: போட்டோகொப்பி இயந்திரங்களுக்கு மாதாந்தப் பராமரிப்பு செய்கிறோம். கொட்டேசன் முதல் பில் வரை சிஆர்எம் (வாடிக்கையாளர் விபரங்களைக் கையாளும்) மென்பொருளில்தான். 15ஆம் திகதி தொடங்கிய ஒப்பந்தத்துக்கும் முழு மாத பில் போய்விடுகிறது. புதுப்பித்தலும் தவறிப்போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் பில் திகதி மாதத்தின் 1. ஒப்பந்தத் திகதியை மென்பொருள் பார்ப்பதே இல்லை. நாட்கணக்குப்படி பிரிக்கும் தெரிவு இருந்தால் அதை இயக்குங்கள்; இல்லாவிட்டால் முதல் பில்லையும் கடைசி பில்லையும் கையால் போடுங்கள். மாதம் 30,000 ரூபாய், தொடக்கம் ஏப்ரல் 15 என்றால் முதல் பில் 16 நாளுக்கு 16,000. 18 வீத வற் 2,880 சேர்த்தால் 18,880. முடிவுத் திகதி அடுத்த ஆண்டு ஏப்ரல் 14. கடைசி பில் 14,000, அதன்மேல் வற். முடிவை 15 என்று பதிந்தால் புதிய ஒப்பந்தத்தோடு ஒரு நாள் மோதும். வாடிக்கையாளரின் கணக்காளர் அதைத்தான் முதலில் பிடிப்பார்!

புதுப்பித்தலுக்கு முடிவுத் திகதியை மட்டும் நம்ப வேண்டாம். அறிவித்தல் கொடுக்க வேண்டிய கடைசி நாளைப் பதிய மென்பொருளில் தனி இடம் வையுங்கள். ஒப்பந்தம் 30 நாள் அறிவித்தல் கேட்டால், முடிவுக்கு 60 நாள் முன்னரே விற்பனையாளருக்கு வேலை ஒதுக்கப்படட்டும். அவர் விலகினால் பொறுப்பை மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நினைவூட்டல் யாருமில்லாத மின்னஞ்சலுக்குப் போகும்.

புதுப்பிக்கும்போது பழைய கொட்டேசனைப் பிரதி எடுப்பதுதான் பெரிய வினை. பழைய விலையும், 2023ஆம் ஆண்டினதென்றால் அப்போதைய 15 வீத வற்றும் அப்படியே வரும். விலைப்பட்டியலிலிருந்து புதிதாகவே எடுங்கள்.