1% ஆக்சிஜனில் சிஒய்பி1ஏ1 ஏன் பாதிதான் எழுந்தது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களுக்கு புகையில் இருக்கும் மாசான பென்சோ-ஏ-பைரீனை 1 மைக்ரோமோலார் அளவில் கொடுத்து, பாதி பிளேட்டுகளைச் சாதாரண இன்குபேட்டரிலும் மீதியை 1% ஆக்சிஜனிலும் 24 மணி நேரம் வைத்தேன். சாதாரண நிலையில், இந்த மாசை உருமாற்றும் நொதிக்கான சிஒய்பி1ஏ1 ஜீனின் ஆர்என்ஏ எகிறுகிறது. 1 சதவீதத்தில் அதில் பாதிதான். ஆக்சிஜன் குறைவைப் போலிசெய்யும் கோபால்ட் குளோரைடு போட்டாலும் இதே கதை. ஒப்பிடும் அளவுகோலாக ஜிஏபிடிஎச் ஜீனை வைத்துக் கணக்கிட்டேன். ஆக்சிஜன் குறைந்த கட்டிப் பகுதியை இந்த மாசு அவ்வளவாகப் பாதிக்காது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். இந்தக் குறைவு உண்மையாகவே இருக்கலாம், மற்ற ஆய்வகங்களும் பார்த்ததுதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுக்கு அது தாங்காது.

முதலில் ஜிஏபிடிஎச்சைக் கவனியுங்கள். அது சர்க்கரையை உடைக்கும் நொதி. ஆக்சிஜன் குறைந்தால் செல் அந்த உடைப்பை (கிளைக்காலிசிஸை) முடுக்கிவிடும், பல செல்களில் ஜிஏபிடிஎச்சும் கூடவே ஏறும். வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகத்தானே வரும்? ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆரில் அது ஒரே ஒரு சுழற்சி முன்னதாக வந்தாலே போதும், சிஒய்பி1ஏ1 அசையாமல் இருந்தாலும் பாதியாகிவிட்டதுபோல் தெரியும். உங்களுக்கு வந்ததும் பாதி! புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். பழைய கோப்பைத் திறந்து ஜிஏபிடிஎச்சின் சிடி எண்களை (எத்தனையாவது சுழற்சியில் தெரிந்தது என்பதை) மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் ஆர்பிஎல்13ஏ, டிபிபி போன்ற வேறு ஒப்பீட்டு ஜீன்களை உங்கள் செல்லிலேயே சோதித்து, நகராததைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்குப் பிறகும் குறைவு நிற்கிறதா? சரி, இனி உயிரியலுக்கு வரலாம்.

பென்சோ-ஏ-பைரீனைப் பிடிப்பது ஏஎச்ஆர் என்ற ஏற்பி. பிடித்ததும் அது உட்கருவுக்குள் போய் ஆர்ன்ட் என்ற புரதத்தோடு ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் ஜிசிஜிடிஜி என்ற எழுத்து வரிசையில் உட்காரும். அப்போதுதான் சிஒய்பி1ஏ1 எழும். இன்னொரு பக்கம், ஆக்சிஜன் குறையும்போது அதற்கேற்ற ஜீன்களை எழுப்பும் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம். ஆக்சிஜன் இருக்கும்வரை பிஎச்டி நொதிகள் அதற்கு அடையாளம் போட, விஎச்எல் என்ற புரதம் அதை அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அது பிழைத்துக்கொள்ளும், ஆனால் வேலை செய்ய அதற்கும் ஜோடி வேண்டும். அந்த ஜோடியும் இதே ஆர்ன்ட்தான். எச்ஐஎஃப்-1 பீட்டாவும் ஆர்ன்ட்டும் ஒன்றே என்று தெரியவந்தது 1995-இல். இருவர் கேட்க ஒருவர்தான் இருக்கிறார் என்றால் யாருக்காவது குறையும். அதேசமயம் ஆர்ன்ட் தாராளமாக இருக்கும் செல்லில் போட்டியே தெரியாமல் போகலாம். அதனால் ஒரு செல் லைனை வைத்துப் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

கோபால்ட் குளோரைடை நான் இந்த ஆய்வில் வைக்கவே மாட்டேன். கோபால்ட்டும் நிக்கலும் பிஎச்டியை முடக்குபவை. ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே செல்லை ஆக்சிஜன் இல்லாமல் தவிப்பதுபோல் நடக்கவைப்பவை. அவையே சூழல் மாசுகள்! நீங்கள் ஒரு மாசையும் ஆக்சிஜன் குறைவையும் சேர்த்துப் பார்க்கவில்லை, இரண்டு மாசுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். பதிலாக, பிஎச்டியைத் தடுக்கும் மருந்தான ராக்ஸாடுஸ்டாட்டைச் சாதாரண ஆக்சிஜனில் கொடுங்கள். பிஎச்டியைத் தடுக்கும் இன்னொரு பொருளான டிஎம்ஓஜி மலிவுதான், ஆனால் அது ஹிஸ்டோன் டிமெதிலேஸ்களையும் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மெதில் குறிகளை நீக்கும் நொதிகளையும்) தடுக்கும். அவற்றில் சில ஆக்சிஜன் குறைந்தாலே மந்தமாகிவிடும் என்பதால் இந்த இடத்தில் குழப்பம்தான் மிஞ்சும். ராக்ஸாடுஸ்டாட்டிலும் சிஒய்பி1ஏ1 குறைந்தால் எச்ஐஎஃப் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. குறையாமல் 1 சதவீதத்தில் மட்டும் குறைந்தால், ஆக்சிஜன் இல்லாமையே வேறு வழியில், ஒருவேளை ஹிஸ்டோன் வழியில், வேலை செய்கிறது. அப்புறம் 1 சதவீதத்திலேயே எச்ஐஎஃப்-1 ஆல்ஃபாவை எஸ்ஐஆர்என்ஏவால் (ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏவால்) குறைத்தும், ஆர்ன்ட்டைக் கூட்டியும் பாருங்கள். ஆர்ன்ட்டைக் கூட்டியதும் சிஒய்பி1ஏ1 மீண்டால் போட்டி என்று தைரியமாக எழுதலாம்.

பென்சோ-ஏ-பைரீனைச் சேர்க்கும்போது 1% ஆக்சிஜன் அறையின் கதவைத் திறந்தீர்களா? எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா ஆக்சிஜனைக் கண்டால் சில நிமிடங்களில் பாதி போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியமும் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவரும். அதை முந்தின இரவே உள்ளே வைத்துவிடுங்கள், செல்களையும் உள்ளேயே உடையுங்கள். எச்ஐஎஃப் எழுப்பும் ஜீனான சிஏ9 ஏறியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாசு சேர்த்ததும் சிஏ9 இறங்குகிறதா என்பதும் முக்கியம். போட்டி எதிர்ப்பக்கமும் இழுக்கும்.

இனி பாதிப்பு. சிஒய்பி1ஏ1 பென்சோ-ஏ-பைரீனை டிஎன்ஏவோடு ஒட்டும் பொருளாக மாற்றுவதும் உண்டு, உடலிலிருந்து கழித்துக்கட்டுவதும் உண்டு. இந்த ஜீன் இல்லாத எலிகளுக்கு வாய்வழியாகப் பென்சோ-ஏ-பைரீன் கொடுத்தபோது அவை குறைவாக அல்ல, கூடுதலாகவே பாதிக்கப்பட்டன. போதாததற்கு, இந்த நொதி வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து 1 சதவீதத்தில் அதன் உழைப்பைச் சொல்ல முடியாது. அதனால் 4, 8, 24 மணி நேரங்களில் மீடியத்திலும் செல்லிலும் மிச்சமிருக்கும் பென்சோ-ஏ-பைரீனையும், டிஎன்ஏவில் ஒட்டியதையும் அளந்துவிடுங்கள். அதுவரை கட்டுரையில் “1% ஆக்சிஜனில் எம்சிஎஃப்-7 செல்களில் சிஒய்பி1ஏ1 தூண்டல் குறைந்தது” என்ற அளவோடு நிறுத்துங்கள்.