ஆய்வு மாணவர் கேள்வி–பதில்: பல்கலைக்கழகத்திடம் எதை, எப்படிக் கேட்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை நெறியாளரைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் கேட்பவை. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டுப் பதிவு, முழுநேரமா பகுதிநேரமா என்ற மூன்று விவரங்களும் இல்லாத கடிதங்களுக்குப் பதில் எழுத இயலாது என்று முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கான புதிய யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள் 2022 நவம்பரில் வந்தன. அதற்கு முன் பதிவு செய்தவருக்கு ஒரு பதில், பின் பதிவு செய்தவருக்கு வேறு பதில்.

என் நெறியாளர் நிர்வாகப் பொறுப்பு ஒன்றை ஏற்ற பிறகு, எட்டு மாதங்களாக நான் கொடுத்த இயல்களைப் படிக்கவில்லை. டி.சி. கூட்டமும் நடக்கவில்லை. யாரிடம் போவது?
– மூன்றாம் ஆண்டு முழுநேர ஆய்வாளர், சேப்பாக்கம்

நாம் டி.சி. என்று சொல்லும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வாளர் ஒவ்வொரு அரையாண்டும் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி. குழுவைக் கூட்டும் பொறுப்பு நெறியாளருடையது என்பதால், அவர் கூட்டாதவரை தமக்கு வழியில்லை என்று மாணவர்கள் காத்திருந்துவிடுகிறார்கள். அப்படிக் காத்திருக்காதீர்கள், பதிவுக் காலமான ஆறு ஆண்டுகளில் கழிவது உங்கள் காலம். முதலில் நெறியாளருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த இயலை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், எது நிலுவையில் உள்ளது, கூட்டத்துக்கு எந்த வாரம் அவருக்கு வசதிப்படும் என்பவற்றைக் குறைகூறும் தொனி சிறிதும் இல்லாமல் பத்து வரிகளில் எழுதுங்கள். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால், அம்மடலின் பிரதியோடு துறைத்தலைவருக்கு எழுதுங்கள். குழுவின் மற்ற உறுப்பினர்களைத் தனியே சந்தித்து இயல்களைப் படித்துத் தருமாறு வேண்டுவதிலும் தவறில்லை. அதற்காகத்தான் அவர்கள் குழுவில் இருக்கிறார்கள். இவை எதுவும் பலிக்காதபோது மாணவர் குறைதீர் குழுவும், அதற்கு மேல் முறையீடு செய்ய ஆம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் அலுவலரும் இருக்க வேண்டும் என்று மாணவர் குறைதீர்ப்புக்கான 2023 யூ.ஜி.சி. விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அங்கே போகும் நாளில் உங்கள் கையில் தேதியிட்ட மடல்கள் இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் நின்று பேசியதை எந்தக் குழுவும் சான்றாக ஏற்பதில்லை. எதையும் எழுத்தில் கேளுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) நான்கு மாதங்களாக வரவில்லை. யூ.ஜி.சி.க்குப் புகார் அனுப்பலாமா?
– ஆய்வாளர், கிண்டி

தாமதம் எங்கே என்று தெரியாமல் தில்லிக்குப் புகார் அனுப்பாதீர்கள். நீங்கள் அந்த மாதம் ஆய்வில் தொடர்ந்தீர்கள் என்பதை உங்கள் நிறுவனம் இணையவழியில் உறுதிசெய்த பிறகே தொகை விடுவிக்கப்படும். நான் விசாரித்துப் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை துறைக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் இடையே ஒரு மேசையில் நின்றவை. அந்தப் பணியைச் செய்யும் உதவியாளர் யார் என்று கேட்டறிந்து, நிலுவை மாதங்களைப் பட்டியலிட்டு எழுத்தில் கொடுங்கள். 2023 சனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வு உதவித்தொகை 42,000 ரூபாய், வந்து சேரும்போது இந்த வீதத்தில் வந்திருக்கிறதா என்றும் சரிபாருங்கள். இதைத் தவிர ஆண்டுதோறும் வரும் கன்டிஜென்சி (ஆய்வுச் செலவுகளுக்கான) நிதியைப் பலர் கேட்டுப் பெறுவதே இல்லை. கலைப்புலத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரமும் அறிவியலுக்குப் பன்னிரண்டாயிரமும் உண்டு; பிறகு இரு மடங்குக்குச் சற்று மேலாகும்.

பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருள் சோதனையில் என் ஆய்வேட்டுக்கு 23 விழுக்காடு வந்திருக்கிறது. பத்துக்குக் கீழே கொண்டுவர என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

பிறர் எழுதியதை எடுத்துவிட்டு நீங்கள் எழுதுங்கள்.

சொற்களை இடம் மாற்றுவதும், ஒருபொருட் சொற்களைப் போட்டு நிரப்புவதும், அதற்கென்று வந்திருக்கும் செயலிகளிடம் கொடுத்து வாங்குவதும் திருட்டை மறைப்பதாகும், திருத்துவது ஆகாது. கருத்துத் திருட்டு பற்றிய 2018 யூ.ஜி.சி. விதிமுறைகளின்படி பத்து விழுக்காடுவரை தண்டனையில்லை; பத்துக்கு மேல் நாற்பதுவரை என்றால் திருத்தி ஆறு மாதங்களுக்குள் மறுபடி அளிக்க வேண்டும்; அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோள்களும் நூற்பட்டியலும் கணக்கில் சேராமல் சோதனை நடந்ததா என்று நூலகரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகும் இருபதுக்கு மேல் நின்றால் சிக்கல் உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. படிக்கும்போதே யாருடைய வாக்கியம் எது என்று குறித்து வைக்காதவர்களுக்குத்தான் கடைசி மாதத்தில் இந்த நிலை வருகிறது.

முதுகலைவரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது பொருளியலில் ஆய்வு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத ஒரு வாரமாகிறது. தட்டச்சுக் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு திருத்தித் தருகிறார்கள். கொடுக்கலாமா?
– ஆய்வாளர், திருவொற்றியூர்

கொடுக்க வேண்டாம். கடைக்காரர் உங்கள் பொருளியலை அறியாதவர். அவர் ‘திருத்திய’ பிறகு உங்கள் வாதம் எங்கே போயிற்று என்று நீங்களே தேட வேண்டியிருக்கும். 2022 விதிமுறைகள், எந்தத் துறை ஆய்வாளராயினும் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே எழுத்துப் பயிற்சியை உங்கள் பல்கலைக்கழகத்திடம் உரிமையோடு கேட்கலாம். ஆங்கிலத் துறையினரைக் கொண்டு வாரத்துக்கு ஒரு பிற்பகல் நடத்தினாலே போதும், பெரிய செலவில்லை. பத்துப் பேர் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் கொடுங்கள்.

அதுவரை நீங்களாகச் செய்யக்கூடியது: வாதத்தை முதலில் தமிழில் முழுமையாக எழுதிப் பாருங்கள். உங்கள் துறையின் நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு ஆங்கிலத்தில் சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். தமிழில் தெளிவாகச் சிந்திப்பவர் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதக் காலம் எடுக்கும், ஆனால் எழுதிவிடுவார். தமிழ்வழியில் படித்து வந்து பின்னர் மிகச் சிறந்த ஆய்வேடுகளை அளித்தவர்களை நான் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் என்றால் ஆண்டுக்கு ஐம்பது பக்கம். அது குறைவான அளவே இல்லை.

பதினைந்து நாளில் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டுத் தருவதாக வாட்ஸாப்பில் செய்தி வந்தது. கட்டணம் பன்னிரண்டாயிரம். ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு கட்டுரைகள் தேவை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். யூ.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியலும் இப்போது இல்லையாமே. வெளியிடலாமா?
– மேலாண்மைத் துறை ஆய்வாளர், வேளச்சேரி

இதே கேள்வி இந்த முறை ஏழு கடிதங்களில் வந்திருக்கிறது. ஏழு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

‘சீனியர்கள் சொல்கிறார்கள்’ என்பதிலிருந்துதான் இந்தத் துன்பம் தொடங்குகிறது. 2016 விதிமுறைகள் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றையும் கருத்தரங்கக் கட்டுரைகள் இரண்டையும் கட்டாயமாக்கியிருந்தன. 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் அளவில் அதைத் தொடர்ந்து கேட்கக்கூடும். கேட்கிறதா, எத்தனை கட்டுரைகள், எந்த வகை இதழ் என்பவை உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமலே பன்னிரண்டாயிரம் ரூபாயை எடுத்து வைக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பட்டியலைப் பற்றி: யூ.ஜி.சி. 2018 மே மாதத்தில் தன் பழைய பட்டியலிலிருந்து ஏறத்தாழ 4,300 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அவற்றில் கட்டுரை வெளியிட்டிருந்த மாணவர்கள் பலர் மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை நேரில் கண்டவன் நான். அடுத்த ஆண்டு தரமான இதழ்களுக்கென்று கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழின் தரத்தை நிறுவனங்களே மதிப்பிடட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் வெளியிட்டார்கள். பட்டியல் போனதால் எந்த இதழும் செல்லும் என்று தரகர்கள் இப்போது பரப்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. முன்பு பட்டியலைக் காட்டித் தப்பித்தவர்கள், இனி வாய்மொழித் தேர்வில் அந்த இதழை ஏன் தேர்ந்தார்கள் என்று தாமே விளக்க வேண்டியிருக்கும்.

பதினைந்து நாளில் ஒரு கட்டுரையை இரண்டு துறை வல்லுநர்கள் படித்து, கருத்து எழுதி, நீங்கள் திருத்தி, அவர்கள் மறுபடியும் பார்த்து முடிக்க வாய்ப்பே இல்லை. நல்ல இதழில் ஆறு மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும். கட்டணம் வாங்கும் இதழ் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. கட்டணம் வாங்கும் தரமான திறந்த அணுக்க இதழ்களும், அதாவது எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களும் உண்டு. ஆனால் அவை உங்களை வாட்ஸாப்பில் தேடி வருவதில்லை. இதழின் ஆசிரியர் குழுவில் உள்ள இருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அந்தப் பொறுப்பை அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடந்த இதழின் நான்கு கட்டுரைகளைப் படியுங்கள். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், ஏனெனில் புகழ்பெற்ற இதழ்களின் பெயரிலேயே போலித் தளங்கள் நடக்கின்றன. ஒரு மாலைப் பொழுது போதும் இதற்கு.

ஒரு வாய்மொழித் தேர்வில், நான்காண்டு உழைத்த ஒரு மாணவரிடம் புறத்தேர்வாளர் அவருடைய கட்டுரையைத் திரையில் காட்டச் சொன்னார். அந்த இதழின் தளமே மறைந்துபோயிருந்தது. ஆய்வேடு நன்றாக இருந்ததால் பட்டம் கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டுரையைத் தம் தன்விவரத்தில் போடவும் முடியாமல், வேறு இதழுக்கு அனுப்பவும் முடியாமல் அவர் நின்றார். உங்கள் நல்ல முடிவுகளை இப்படிப் புதைத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்வேன்: எண்ணிக்கையைக் கேட்டு மாணவர்களைத் தரகரிடம் துரத்துவதைவிட, ஒரு கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்பும் வழியை ஒரு நாள் பயிலரங்கில் கற்றுக்கொடுங்கள்.

ஆய்வுக்கு வேண்டிய கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் காசு கேட்கிறார்கள்.
– அரசுக் கல்லூரி ஆய்வாளர்

ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 தொடக்கத்திலிருந்து நடப்பில் உள்ளது. முப்பது பதிப்பகங்களின் பதின்மூன்றாயிரம் இதழ்கள் அளவுக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி நூலகரைப் பாருங்கள்.

பதிவு செய்து நான்காம் ஆண்டு. குழந்தை பிறக்கப் போகிறது. கணவருக்கும் பெங்களூருக்கு மாற்றல். ஆய்வை விட்டுவிட வேண்டியதுதானா?
– வேதியியல் ஆய்வாளர், அம்பத்தூர்

வேண்டாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்பு ஆகியவற்றுக்காக முனைவர் பட்டக் காலம் முழுவதற்குமாக 240 நாட்கள்வரை விடுப்பு உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு உச்ச வரம்புக்கு மேல் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் தரலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர், உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் தம் ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் விதியில் இடம் இருக்கிறது. பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் உரிய பெயரைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. உங்கள் நிலையில் நான் இருந்தால் சோதனைகளை விடுப்புக்கு முன் முடித்து, எழுதும் வேலையைப் பெங்களூருக்கு எடுத்துச் சென்று, பதிவை இங்கேயே வைத்திருப்பேன். விடுப்பு தொடங்கும் முன்பே ஆணையை எழுத்தில் வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்மா’ என்று யாராவது அன்போடு சொன்னாலும் வாங்குங்கள்.

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு. ஆவணங்களைப் பயன்படுத்தக் கற்க எங்கே போவது? துறையில் அதற்கு வகுப்பு இல்லை.
– மாணவர், இராயபுரம்

இந்தக் கடிதம் மகிழ்ச்சி தந்தது. சென்னையில் இருப்பவர் இதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அருகிலேயே 1896இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அங்கே ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. சுவடிகளில் ஆர்வம் இருந்தால் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தோடு போங்கள். முதல் நாளே தலைப்பைத் தேடாதீர்கள். அட்டவணைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை மட்டும் இரண்டு நாட்கள் பாருங்கள். பென்சில் கொண்டுபோங்கள்.

பி.எச்டி. முடித்தால் வேலை கிடைக்குமா?
– ஒரு வாசகர்

எந்தத் துறை, எந்த வேலை என்று எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் பணியைக் கருதிக் கேட்டிருந்தால், 2023 சூலை முதல் அதற்குக் குறைந்தபட்சத் தகுதி தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் தகுதித் தேர்வே, பி.எச்டி. கட்டாயமில்லை.

பொறியியல் ஆய்வாளர். ஆசிரியப் பணிக்குப் போக விருப்பமில்லை. எங்கள் பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையம் இளநிலை மாணவர்களை மட்டுமே கவனிக்கிறது.
– ஐந்தாம் ஆண்டு, குரோம்பேட்டை

நியாயமான குறை. முதலில் மையத்துக்கு ஆய்வாளர்களின் துறைவாரிப் பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். வரும் நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவினருக்கு அது போக வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவதாக, தரமணி ஆராய்ச்சிப் பூங்கா போன்ற இடங்களில் உங்கள் துறை சார்ந்த நிறுவனம் எது என்று பார்த்து, ஆய்வேடு அளிப்பதற்கு ஓராண்டு முன்பே அங்கே பேசத் தொடங்குங்கள். தன்விவரத்தில் கட்டுரைப் பட்டியலை முன்னால் வைக்காதீர்கள். எந்தக் கருவியை இயக்கினீர்கள், எவ்வளவு தரவைக் கையாண்டீர்கள், எந்தச் செலவுத் திட்டத்தை நிர்வகித்தீர்கள், எத்தனை இளையோருக்குப் பயிற்சி தந்தீர்கள் என்பவை முதல் பக்கத்தில் வரட்டும். வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் உதவி செய்ய ஒதுக்கப்பட்டிருந்தால் அதையும் விடாதீர்கள். சிக்கலான செய்தியைப் புதியவருக்கு விளக்கத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் விரும்பும்.

என் நெறியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– ஆய்வாளர், மயிலாப்பூர்

வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு எழுபது வயதுவரை அவர் இணை நெறியாளராகத் தொடரலாம். துறையில் ஒருவர் நெறியாளராகப் பொறுப்பேற்பார். யார் என்பதை அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே டி.சி. கூட்டத்தில் முடிவுசெய்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறிப்பின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.